கூட்டத்தில் யார் பேசுகிறார்கள்: திருப்பூர் மெர்ச்சண்டைசர் ஒருவரின் அனுபவம்

பின்னலாடை ஏற்றுமதியில் எங்களுக்கு மெர்ச்சண்டைசர் என்று பெயர் இருந்தாலும், நாங்கள் செய்வது பெரும்பாலும் இரண்டு பக்கமும் பேசும் வேலைதான். காலையில் ஃபேக்டரியின் உற்பத்திக் கூட்டத்தில் கட்டிங் மாஸ்டர், தையல் சூப்பர்வைசர், சாயப்பட்டறைக்குப் போய்வரும் துணிப் பொறுப்பாளர், பேக்கிங் பொறுப்பாளர் ஆகியோருடன் நேரில் உட்கார வேண்டும். பிற்பகலில் ஜெர்மனியிலோ டென்மார்க்கிலோ இருக்கும் பையருடன், அதாவது ஆடை வாங்கும் நிறுவனத்தாருடன், திரையின் முன் உட்கார வேண்டும். பேசுவது ஒரே ஆர்டரைப் பற்றித்தான். ஆனாலும் காலையில் தெளிவாக இருந்த செய்தி பிற்பகலில் காணாமல் போவதும், திரையில் எல்லோரும் தலையாட்டி முடிவான தேதியை மறுநாள் ஷெட்டில், அதாவது உற்பத்திக் கூடத்தில், ஒருவரும் நம்பாமல் இருப்பதும் அடிக்கடி நடக்கும். இந்த இரண்டு கூட்டங்களுக்கும் நடுவில் பல ஆண்டுகள் நின்று பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதிப்பட்டது. கூட்டத்தில் இருப்பவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதைக் காட்டிலும், தெரிந்தவர் வாய்திறக்க அந்த ஏற்பாடு இடம் தருகிறதா என்பதே முடிவின் தரத்தைத் தீர்மானிக்கிறது. திரை சிலரை வாயடைக்க வைக்கிறது, நேர்க்கூட்டம் வேறு சிலரை.

2020 மார்ச் வரை எங்கள் வேலையில் காணொலிக் கூட்டம் அரிது. பையர் எப்போதாவது நேரில் வருவார், அல்லது அவருடைய பையிங் ஆபீஸிலிருந்து (கொள்முதல் அலுவலகம்) ஆள் வருவார். மற்றவை மின்னஞ்சலிலும் கூரியரிலும் நடந்துவிடும். ஊரடங்கு வந்ததும் ஃபிட் கமெண்ட் (ஆடை உடலில் பொருந்துவது பற்றிய கருத்து) முதல் விலைப்பேச்சு வரை அனைத்தும் ஜூமுக்கும் டீம்ஸுக்கும் மாறின. பயணங்கள் மறுபடி தொடங்கிய பின்னும் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிட்டது. விமான டிக்கெட் மிச்சமானதைக் கணக்கெடுத்தார்கள். பேச்சில் எது கழிந்துபோனது என்று யாரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்ததாக நினைவில்லை.

முதலில் கழிவது நேரம்தான், அதுவும் நொடியின் மிகச் சிறிய பங்கு. நேரில் பேசும்போது ஒருவர் கேட்டு முடித்ததற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் இடையே விழும் இடைவெளி அநேகமாக நமக்குத் தெரிவதே இல்லை. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த இடைவெளி சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் என்றும், மொழிக்கு மொழி வேறுபாடு சிறிதே என்றும் காட்டியது. இணையவழிப் பேச்சில் குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச்சேரவே அந்த அளவு நேரம் ஆகிவிடக்கூடும். ஒரு திசையில் 150 மில்லிநொடிக்குள் குரல் சென்றால்தான் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ஃபேக்டரியின் மூலையில் இருக்கும் வைஃபை, புளூடூத் ஹெட்செட், தையல் இயந்திர இரைச்சலை வடிகட்டும் மென்பொருள் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதத்தைக் கூட்டும்போது அந்த எல்லை எளிதில் தாண்டிப்போகும். அப்போது என்ன நடக்கிறது? பதில் வரவில்லை என்று நினைத்து பையர் மறுபடி பேசத் தொடங்குகிறார், அதே நேரத்தில் நம் பதில் அங்கே போய்ச் சேருகிறது, இருவரும் நிறுத்துகிறோம், இருவரும் மறுபடி தொடங்குகிறோம். இப்படிச் சிலமுறை நடந்தால் எங்கள் பக்கத்தில் தயக்கமுள்ளவர்கள் அந்தக் கூட்டம் முடியும்வரை மறுபடி முயல்வதே இல்லை. தாமதமான இணைப்பில் பேசியவர்கள் எதிரே இருப்பவரைக் கவனமற்றவர் என்று மதிப்பிட்டதாக 2014-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் கண்டறிந்ததைப் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. கோளாறு கம்பியில் இருந்தாலும் குறை ஆளின்மேல்தான் விழும்.

இதற்கு நான் செய்வது பெரிய தொழில்நுட்பமல்ல. கூட்டம் நடக்கும் கணினிக்கு நேரடியாக லேன் கேபிள் போட்டுவிடுகிறேன். கேள்வி கேட்கும்போது பெயரை முதலிலும் கேள்வியைப் பின்னாலும் வைக்கிறேன். கேட்ட பிறகு சங்கடமாகத் தோன்றும் அளவுக்குச் சற்று நீளமாகவே காத்திருக்கிறேன். "யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்டால் திரையில் யாரும் பேசமாட்டார்கள், ஏனென்றால் யார் முதலில் தொடங்குவது என்பதைக் கண்ணால் பேசி முடிவுசெய்ய அங்கே வழியில்லை.

அடுத்தது, கேட்பவர் ம் கொட்டுவது. நம் ஊரில் ஒருவர் ஒரு விஷயத்தை விவரித்துக்கொண்டு போகும்போது எதிரே இருப்பவர் "ம்", "சரிங்க", "அப்புறம்?" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், அது நின்றால் சொல்பவருக்குப் பேச்சே ஓடாது. காணொலிக் கூட்டத்தில் மரியாதை கருதி எல்லோரும் மைக்கை அணைத்துவிடுகிறோம். அணைக்காமல் "ம்" சொன்னாலோ, சிலசமயம் மென்பொருள் அதையே பேச்சாக எடுத்துக்கொண்டு பேசுபவரின் குரலை அமுக்கிவிடுகிறது. எனவே பேசுபவர் ஓசையற்ற வெளியில் பேசுகிறார். இந்த நிலையில் அனுபவம் மிக்கவர்கள்கூட ஒரே விஷயத்தை இரண்டு மூன்று முறை சொல்வதையும், விலை போன்ற நெருடலான இடத்தில் யாரும் கேட்காமலேயே தாமாக இறங்கிவருவதையும் பார்த்திருக்கிறேன். மறுபக்கத்து மௌனத்தை மறுப்பு என்று எடுத்துக்கொள்வதால் வரும் விளைவு இது. விலைப்பேச்சில் நான் ஒரு எண்ணைச் சொன்னதும் மைக்கை அணைத்துவிடுவதை வழக்கமாக வைத்திருக்கிறேன். கை மறுபடி மைக்கை நோக்கிப் போவதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வந்துவிடும்.

தமிழில் நடக்கும் இணையக் கூட்டங்களுக்குத் தனியாக ஓர் ஆபத்து உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. ஆம், இல்லை என்பதும் அதனோடு கடைசியில்தான் வருகிறது. "வெள்ளிக்கிழமைக்குள்ள சாயம் போட்டுக் காம்பாக்டிங் பண்ணி அனுப்ப முடி..." என்ற இடத்தில் (காம்பாக்டிங் என்பது துணி பிறகு சுருங்காமல் இருக்க அழுத்தித் தரும் வேலை) இணைப்பு அறுந்தால், வாக்கியம் முழுவதும் கேட்டும் முடிவு மட்டும் கேட்காமல் போகிறது. இரைச்சலை வடிகட்டும் வசதியும் பேச்சின் வேகம் தணியும் கடைசி அசைகளைத்தான் முதலில் விழுங்குகிறது என்பது என் கவனிப்பு. சாயப்பட்டறைக்காரர்களுடன் செல்பேசியில் பேசும்போது இதை மிக அதிகமாக உணர்வேன். ஆகவே முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்தைப் பிறகு சொல்லும்படி அவர்களைக் கேட்டுக்கொண்டேன்: "முடியாதுங்க. பாய்லர் வேலை நடக்குது, சனிக்கிழமை சாயங்காலம்தான் தர முடியும்." முதலில் அவர்களுக்கு இது முகத்தில் அடித்தாற்போல் தோன்றியது. எங்கள் பக்கத்தில் அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்த பிறகு பழகிக்கொண்டார்கள். கிழமையையும் எண்ணையும் கேட்டவர் திருப்பிச் சொல்வதும் இப்போது வழக்கமாகிவிட்டது.

ஆனால் நான் அதிகம் கற்றது ஒரு கட்டிங் மாஸ்டரிடமிருந்துதான். முன்பு நான் வேலைபார்த்த ஒரு நிறுவனத்தில், லைக்ரா என்ற நீளும் இழை கலந்த சிங்கிள் ஜெர்சி (மெல்லிய பின்னல் துணி) ஆர்டர் ஒன்றின் ஷிப்மென்ட்டைச் சில நாள் முன்னே கொண்டுவர முடியுமா என்று பையர் திரையில் கேட்டார். ஒரே மடிக்கணினியைச் சுற்றி நாங்கள் பலர் உட்கார்ந்திருந்தோம். கேமராவின் பார்வைக்கு எட்டாமல் கதவோரத்தில் மாஸ்டர் இருந்தார். துணி வந்த அன்றே கட்டிங் தொடங்கிவிடலாம் என்று மேனேஜர் கணக்குச் சொன்னார், பையர் நன்றி சொன்னார், கூட்டம் முடிந்தது. அதன்பின் டீ குடிக்கும் இடத்தில் மாஸ்டர் என்னிடம் சொன்னார்: "அம்மிணி, அந்தத் துணிய ரோல்ல இருந்து பிரிச்சு ஒரு நாளாச்சும் ஆறப் போடோணுமுங்க. வந்த அன்னிக்கே வெட்டுனா அளவு நிக்காது."

அவர் சொன்னது தொழிலின் பாலபாடம். லைக்ரா கலந்த துணி ரோலில் இழுபட்ட நிலையில் வருகிறது. பிரித்து மடித்துப் போட்டு, பொதுவாக 24 மணி நேரம் தளரவிட்ட பிறகே வெட்ட வேண்டும். இல்லையென்றால் வெட்டிய பாகங்கள் பிறகு சுருங்கி, தைத்து முடித்த ஆடை அளவில் குறையும். "ஏனுங்க மாஸ்டர், இதை அங்கயே சொல்லியிருக்கலாமில்லீங்களா?" என்று கேட்டேன். "அதுல யாரு எப்பப் பேசோணும்னே புடிபடலீங்க. நான் அங்க இருக்கறது அவிகளுக்குத் தெரியுதான்னும் தெரியல" என்றார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பதைக் காரணமாக அவர் சொல்லவேயில்லை. தான் இருப்பதே எதிரில் தெரியாத இடத்தில் பேசுவது எப்படி என்பதுதான் அவருடைய கேள்வி. மறுநாள் மின்னஞ்சல் எழுதித் தேதியைத் திருத்திக்கொண்டோம். பையர் ஒப்புக்கொண்டாலும், உறுதி கொடுத்துவிட்டு மாற்றுகிறவர்கள் என்ற பெயர் எங்களுக்கு மிஞ்சியது.

அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் முன்பாக நான் கட்டிங் மேஜைக்குப் போய்விடுகிறேன். "இதில் எது நடக்காது?" என்பதே அங்கே என் கேள்வி. "முடியுமா?" என்று கேட்டால், பெரியவர்கள் நமக்காக முடியும் என்று சொல்லிவிடுவார்கள். திரையின் முன் மாஸ்டரை நடுவில் உட்காரவைத்து, வெட்டும் தேதியைச் சொல்ல வேண்டியவர் இவர்தான் என்று பையருக்கு அறிமுகம் செய்கிறேன். தமிழில் அவரிடம் கேட்டு, அவர் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்கிறேன். இதில் நேரம் கூடுதலாகத்தான் ஆகிறது. இப்போது சில பையர்கள் தேதிப் பேச்சு வந்தால் தாமாகவே "மாஸ்டர் என்ன சொல்கிறார்?" என்று கேட்கிறார்கள்.

இதையெல்லாம் வைத்து நேர்க்கூட்டமே மேல் என்று முடிவுகட்ட நான் தயாராக இல்லை. எங்கள் பகுதி நிறுவனங்களின் காலைக் கூட்டத்தை ஒருமுறை பார்த்தால் ஏன் என்று புரியும். எம்.டி. மேஜையின் தலைமாட்டில் இருப்பார். அவர் முதலில் ஒரு தேதியைச் சொல்வார். அதன்பின் ஒவ்வொருவரும் அந்தத் தேதிக்கு ஏற்பத் தம் கணக்கை வளைத்துக்கொள்வார்கள். எங்கள் சாம்பிள் பிரிவில் கேட் (CAD, ஆடையின் பாகங்களைக் கணினியில் வரைவது) வேலை செய்யும் இளம்பெண் ஒருவர் அப்படிப்பட்ட அறையில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அவரே ஒரு காணொலிக் கூட்டத்தின் சாட் பெட்டியில், டெக் பேக்கில் (ஆடையின் அளவுகளும் விவரங்களும் கொண்ட ஆவணம்) உள்ள கைக்குழி அளவும் ஸ்லீவ் அளவும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று இரண்டு வரி எழுதினார். பையரின் பக்கத்து டெக்னீஷியன் அங்கேயே அவருக்குப் பெயர் சொல்லிப் பதில் எழுதினார், அளவு திருத்தப்பட்டது. ஆங்கிலத்தைப் பேசத் தயங்குபவர்கள் எழுதத் தயங்குவதில்லை. எழுதுவதற்கு யாருடைய பேச்சையும் குறுக்கே வெட்ட வேண்டியதில்லை. அதனால் சாட் பெட்டியை உரக்கப் படிக்கும் பொறுப்பை ஒருவருக்கு ஒதுக்கிவிடுகிறேன், இல்லையென்றால் அது யாரும் திறக்காத புகார்ப் பெட்டியாகிவிடும்.

நேர்க்கூட்டத்தில் இதற்கு ஈடாக நாங்கள் கொண்டுவந்தது பேசும் வரிசை. பேக்கிங்கில் தொடங்கி, அயர்னிங், செக்கிங், தையல், கட்டிங் என்று பின்னோக்கி வந்து, மேனேஜரும் எம்.டி.யும் கடைசியில் பேசுவது. எம்.டி.யிடம் இதைச் சொன்னபோது, "அப்பறம் நான் எதுக்குங்க வர்றது?" என்று சிரித்தார். கடைசியில் பேசுபவருக்குத்தான் எல்லோருடைய கணக்கும் கையில் இருக்கும் என்று பதில் சொன்னேன். பேக்கிங்கை முதலில் வைப்பதற்குத் தொழில்ரீதியான காரணமும் உண்டு: முந்தைய பிரிவுகளில் பிடித்த தாமதம் முழுவதும் அவர்கள் தலையில்தான் வந்து இறங்குகிறது.

எந்தப் பேச்சை எங்கே வைப்பது என்பதிலும் எனக்கு இப்போது ஒரு தெளிவு இருக்கிறது. நிறத்தைப் பற்றிய பேச்சு, இருபக்கமும் ஒரே துணித்துண்டு கையில் இல்லாதவரை, திரைக்கு உகந்ததல்ல. லேப் டிப்பை (நிறம் பார்க்கச் சாயம் போட்ட மாதிரித் துண்டு) லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்துக்கான டி65 விளக்கிலும் கடை வெளிச்சத்துக்கான டிஎல்84 விளக்கிலும் மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் நாங்கள். கேமராவோ தானாகவே வெண்மையைச் சரிசெய்து நிறத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். கூரியர் போய்ச் சேர்ந்த பிறகுதான் கூட்டத் தேதியைக் குறிக்கிறோம். இரண்டு பக்கத்துத் துண்டுகளிலும் ஒரே எண்ணை எழுதி வைக்கிறோம். "கொஞ்சம் சிவப்பு அதிகம்" என்பது அப்போதுதான் இருவருக்கும் ஒரே பொருளைத் தருகிறது. அளவு பற்றிய கூட்டத்தில் முகங்களைக் காட்டும் கேமராவைத் திருப்பி, மேஜையில் விரித்த ஆடையையும் டேப்பையும் காட்டச் செய்கிறேன்.

புது டிசைன் யோசிப்பதை முடிந்தவரை பையர் நேரில் வரும் நாளுக்கு ஒதுக்குகிறோம். இதற்கு 2022-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு ஒன்று துணைக்கு வந்தது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் ஒரு நிறுவனத்தின் பொறியாளர்களை இணை இணையாக வைத்துச் செய்த அந்தச் சோதனையில், காணொலியில் சேர்ந்து யோசித்தவர்கள் நேரில் யோசித்தவர்களைவிடக் குறைவான யோசனைகளையே தந்தார்கள்; ஆனால் வந்த யோசனைகளில் நல்லதைத் தேர்ந்தெடுப்பதில் காணொலியில் இருந்தவர்கள் பின்தங்கவில்லை. திரையைப் பார்க்கும்போது பார்வை அதற்குள்ளேயே குறுகிவிடுவதும், அதோடு சிந்தனையும் குறுகுவதும் காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். எங்கள் ஷோரூமில் பையர் பேசிக்கொண்டே ரேக்கின் பக்கம் பார்வையை ஓடவிட்டு, வேறு யாரோ நிராகரித்த பழைய சாம்பிளை உருவி எடுத்து "இந்தக் காலர் நன்றாக இருக்கிறதே" என்பார். அப்படி ஒரு கணம் திரையில் நிகழ்ந்து நான் கண்டதில்லை. எனவே யோசிப்பது நேரில், தேர்ந்தெடுப்பதும் ஒப்புதல் தருவதும் திரையில்.

அறையில் பலர், திரையில் ஒருவர் என்று அமையும் கலப்புக் கூட்டம் இரண்டின் தொல்லைகளையும் ஒருங்கே கொண்டுவரும். அதில் மிகவும் உறுத்துவது நாங்கள் இடையிடையே தமிழில் பேசிக்கொள்வதுதான். விலையைக் கேட்டதும் எங்களுக்குள் அரை நிமிடம் தமிழில் பேசிவிட்டு ஆங்கிலத்தில் ஓர் எண்ணைச் சொன்னால், எதிரில் தனியாக இருப்பவருக்கு அது சதியாலோசனை போலத்தான் தெரியும். அவர்கள் தங்களுக்குள் டேனிஷில் பேசிக்கொள்ளும்போது எங்களுக்கும் அப்படித்தானே தோன்றுகிறது. இப்போது நான் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நூல் விலையைப் பற்றி எங்கள் ஆட்களிடம் இரண்டு நிமிடம் தமிழில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று. பேசி முடித்ததும், யார் என்ன சொன்னார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிய பிறகே எண்ணைச் சொல்கிறேன். அறையில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனிக் கருவியில் நுழைவதே நல்லது என்று பலர் சொல்கிறார்கள். ஷெட்டில் அது எதிரொலியைத்தான் கிளப்புகிறது. ஒரே அறையில் இருந்தால் ஒரே மைக் போதும்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கூட்டத்தில் யார் இருப்பார் என்பதை அதுதான் முதலில் தீர்மானிக்கிறது. ஜெர்மனிக்கும் நமக்கும் குளிர்காலத்தில் நான்கரை மணி நேரமும் கோடையில் மூன்றரை மணி நேரமும் வித்தியாசம். மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் அவர்கள் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். அவர்களுடைய பிற்பகல் இரண்டு மணி குளிர்காலத்தில் நமக்கு மாலை ஆறரை. அந்த நேரத்தில் சாம்பிள் பிரிவுப் பெண்கள் கம்பெனி வேனில் ஏறிப் போயிருப்பார்கள், அல்லது வீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேமராவை அணைத்த நிலையில் இருப்பார்கள். தைக்கும் முறையைப் பற்றி உள்ளபடி பதில் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். பையர்களின் நேரப்படி காலை ஒன்பது மணிக்குக் கூட்டத்தை வைக்க முடியுமா என்று அவர்களிடம் கேட்டோம்; நமக்கு அது குளிர்காலத்தில் பகல் ஒன்றரை, கோடையில் பன்னிரண்டரை. பெரும்பாலானோர் ஒப்புக்கொண்டார்கள், அதுவரை யாரும் கேட்காததால்தான் மாலையில் வைத்திருந்தார்களாம்.

கேமராவை எல்லோரும் போட்டே ஆக வேண்டும் என்ற விதியை நான் வற்புறுத்துவதில்லை. இடைவிடாமல் நெருக்கத்தில் தெரியும் முகங்கள், தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் உட்காருவது, உடல்மொழிக் குறிப்புகளை அனுப்பவும் படிக்கவும் ஆகும் கூடுதல் உழைப்பு ஆகியவற்றையே காணொலிக் களைப்பின் காரணங்களாக ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் முன்வைத்தார். பேசும்போது மட்டும் முகம் தெரிந்தால் போதும் என்பது எங்கள் ஏற்பாடு. என் திரையில் என் முகத்தை மறைத்துவைத்த பிறகு கூட்டத்தின் முடிவில் வரும் தலைவலி எனக்குக் குறைந்திருக்கிறது.

பதிவுசெய்வதுதான் இன்னும் தீராத விஷயம். பதிவு இருந்தால் பிற்பாடு தகராறு வராது என்று நிர்வாகம் விரும்புகிறது. ஆனால் பதிவு ஓடுகிறது என்ற அறிவிப்பு வந்தவுடன் மாஸ்டர் சுருக்கமாகிவிடுகிறார், துணிப் பொறுப்பாளர் "பார்த்துச் சொல்றேங்க" என்பதற்குமேல் போவதில்லை. தற்போதைக்குப் பேச்சைப் பதிவின்றி நடத்துகிறோம். முடிக்கும் முன் தேதி, அளவு, விலை, பொறுப்பாளர் பெயர் ஆகியவற்றை மட்டும் நான் ஒவ்வொன்றாக வாசித்து, அந்தச் சில நிமிடங்களைப் பதிவுசெய்கிறேன். அதையே எழுத்தில் அன்றைக்கே பையருக்கு மின்னஞ்சலாகவும், ஷெட் ஆட்களுக்குத் தமிழில் வாட்ஸ்அப் குரல்செய்தியாகவும் அனுப்புகிறேன். எழுத்தைவிடக் குரல்செய்திக்கே அங்கே பதில் வேகமாக வருகிறது, அதுவும் பெரும்பாலும் "இதுல ஒண்ணு மட்டும் மாத்தோணுமுங்க" என்றுதான் தொடங்குகிறது.